இங்கு ஸ்விங் சரிசெய்து தரப்படும்

கோல்ஃப் பழகும் மைதானத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு உண்மை தெரிந்திருக்கும்: நூற்றைம்பது கஜத்தில் நட்டு வைத்த தகரத் தட்டை ஒருத்தராலும் அடிக்க முடியாது, பந்து பொறுக்க வண்டி ஓட்டிக்கொண்டு போகிற ஆளை எல்லோராலும் அடிக்க முடியும்.

அந்த ஆள் நான்தான். நீங்களும் ஜவுளிக்கடையிலோ, மொபைல் ரிப்பேர் கடையிலோ, டோல்கேட்டிலோ நின்று பொதுஜனத்தைப் பார்த்துச் சிரித்துத் தொலைக்கிற ஜென்மமாக இருந்தால், நாம் சொந்தக்காரர்கள். மேலே படியுங்கள். அப்படி இல்லையென்றாலும் படியுங்கள், உங்களைப் பற்றித்தான்.

நான் பிளஸ் டூ முடித்தேன். மேலே படிக்க மாட்டேன் என்றேன். அப்பா ஒரு வாரம் கத்தினார். பிறகு, "சரி, ஒரு வேலை தேடிக்க. அது இருக்கிற வரைக்கும் நான் வாயத் திறக்கல. வேலை போச்சுன்னா மறுநாளே நர்சிங் காலேஜ்" என்றார். எனக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும். அடுத்தவருக்குப் போடுகிற ஊசியாக இருந்தாலும் சரி.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி பாஸ்கர் அண்ணனுக்கு ஒன்பது மா நிலம், ஏக்கரில் சொன்னால் மூன்று. அண்ணன் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பன்னிரண்டு வருஷம் புல் வெட்டியவர். ஊருக்குத் திரும்பியதும் நெல்லை விட்டுவிட்டுப் புல் போட்டார். ஊரே சிரித்தது. மேற்கு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் வரிசையாக ஆறு பாய். பாயில் நின்று அடித்தால் பந்து கிழக்கே போக வேண்டும். போன பந்துகளைப் பொறுக்க ஒரு பவர் டில்லர், அதன் பின்னால் ஒரு கம்பி உருளை.

அந்தப் பவர் டில்லருக்காகத்தான் சேர்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் டிராக்டரே இருக்கிறது. "பொம்பளப் புள்ள ஓட்டினா நல்லாவா இருக்கும்" என்று சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கிற அப்பாவும் இருக்கிறார். இங்கே என்னைச் சுற்றிக் கோழிக்கூண்டு வலையை அடித்து, வண்டியை என்னிடமே விட்டுவிட்டார்கள். இதை விட்டுப் போக நான் தயாராக இல்லை. கீழே நான் செய்கிற கோமாளித்தனத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

போர்டில் ஒரு வார்த்தை

ஆரம்பத்தில் கூட்டம் இல்லை. அண்ணன் யோசித்து ஒரு போர்டு எழுதிக் கொட்டகை நெற்றியில் மாட்டினார்: "இங்கு ஸ்விங் சரிசெய்து தரப்படும்." ஸ்விங் என்றால் மட்டையைப் பின்னால் தூக்கிச் சுழற்றி அடிக்கிற வீச்சு. அது கெட்டுப்போனால் பந்து கண்ட பக்கம் போகும். அண்ணனுக்குப் புல்லைப் பற்றித்தான் தெரியும், ஸ்விங்கைப் பற்றித் தெரியாது. அதைப் போர்டில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. ஒரு அம்மா இறங்கினார். டிரைவரும் அவருமாக ஒரு ஊஞ்சல் பலகையையும் நாலு சங்கிலியையும் இறக்கினார்கள். "ஆடினா நாலு வீடு தாண்டி சத்தம் கேக்குது தம்பி. மாப்பிள்ளை வந்தா உக்காரவே மாட்டேங்கிறாரு" என்றார். அண்ணன் பத்து நிமிஷம் கோல்ஃப் என்றால் என்ன என்று விளக்கினார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, சாயங்காலம் வந்து வாங்கிக்கட்டுமா?" என்றார்.

எனக்குப் பொறுமை கிடையாது. டில்லர் பெட்டியிலிருந்து கிரீஸை எடுத்து நாலு கொக்கியிலும் அப்பி, புங்க மரத்தில் ஊஞ்சலை மாட்டி நானே ஏறி ஆடிக் காட்டினேன். ஒரு சத்தம் இல்லை. அந்தம்மாவும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆடினார். மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை சுத்தமா இருக்கு. ஆனா ஊஞ்சல் ரிப்பேருக்கு எதுக்கு கண்ணு இவ்வளவு பெரிய இடம்?"

வண்டி உள்ளே போனால்

ஒரு வாத்தியார் வருவார். "என் ஸ்விங் போச்சு, பந்து எங்க போவுதுன்னே தெரியல" என்று தினமும் புலம்புவார். நான் டில்லரோடு உள்ளே இறங்கியதும் அதே ஆள் ஐந்து பந்தில் மூன்றை என் கூண்டு மேல் போடுவார். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு நேரே அவரிடம் நடந்தேன். "சார், அங்க இருக்கிறது தட்டு. இங்க இருக்கிறது நான். தட்டைப் பார்த்தா மட்டைய இறுக்கிப் பிடிக்கிறீங்க, என்னைப் பார்த்தா ஜாலியா விடுறீங்க. அங்கயும் லூசா பிடிங்க" என்றேன். லூசாகப் பிடித்தார். பந்து பாயிலேயே இருந்தது. மட்டை பறந்து போய்க் கொட்டகைக் கூரையில் செருகிக்கொண்டது.

ஆனாலும் பாப்பாவுக்கு ஸ்விங் சரி பண்ணத் தெரியும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. (பாப்பா என்பது என் பெயர் இல்லை. பதினெட்டு வயசாகிறது. சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.) மறுநாள் வாத்தியார் பாயில் சும்மா நின்றுகொண்டிருந்தார். ஏன் அடிக்கவில்லை என்று அண்ணன் கேட்டதற்குச் சொன்னார்: "அந்தப் பாப்பா வண்டிய எடுத்துக்கிட்டு உள்ள போகட்டும். அது போனாத்தான் எனக்கு ஸ்விங்கே வருது."

மில்லுக்காரர் வெட்டிய வாய்க்கால்

ரைஸ் மில் முதலாளி ஒருத்தர் பாயில் நின்று அடிக்க மாட்டேன், புல்லில்தான் அடிப்பேன் என்றார். பந்துக்கு அரை அடி பின்னால் மட்டை மண்ணில் இறங்கும். புல்லும் மண்ணும் ஒரு கட்டியாக முன்னால் போகும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். அண்ணன் தன் புல்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சின்ன வயசுல மம்முட்டி பிடிச்ச கை பாப்பா, மண்ணப் பார்த்தா தானா இறங்குது" என்றார் மில்லுக்காரர்.

பந்துக்குப் பின்னால் ஒரு துண்டைப் போட்டு, துண்டில் படாமல் பந்தை அடிக்கச் சொன்னால் இது சரியாகிவிடும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். அவர் தோளில் இருந்த சரிகைத் துண்டையே வாங்கிப் போட்டேன். ஓங்கி ஒரு அடி. துண்டு நாற்பது கஜம் போனது. பந்து அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் மனசு விட்டுப்போய், துண்டும் இல்லாமல் பந்தும் இல்லாமல் சாயங்காலம் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் குனிந்து, தான் கிளறிய மண்ணை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பந்து போகலைன்னா போகட்டும் பாப்பா. வாய்க்கால் எவ்வளவு நேரா வந்திருக்கு பாரு!"

அரை இடம் தள்ளி

திருவையாற்றிலிருந்து ஒரு மிருதங்கக்காரர் வந்தார், மனைவியோடு. மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்துகொள்வார். இவர் பந்துக்கு முன்னால் நின்று தொடையில் விரலால் எண்ணுவார். ஒரு பந்துக்கு நாலு நிமிஷம். எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். "சார், ஒண்ணுன்னா தூக்குங்க, ரெண்டுன்னா அடிங்க. அவ்வளவுதான்" என்றேன். "ஆதி தாளமா, ரூபகமா?" என்று கேட்டார். "எதுவா இருந்தா என்ன சார், பந்து வந்து கேக்கப் போவுதா?" என்றேன். வருத்தப்பட்டார்.

நான் ஒண்ணு, ரெண்டு என்று சத்தம் போட்டேன். ஒவ்வொரு தடவையும் 'ரெண்டு' முடிந்து அரை இடம், அதாவது தாளத்தில் பாதித் தட்டு, தள்ளித்தான் மட்டை இறங்கியது. உடம்பு முன்னால் போய்விடும், கை பின்னால் வரும், பந்தின் மண்டையில் லேசாக ஒரு தட்டு. பந்து மூன்று அடி உருண்டு நிற்கும். இருபது பந்து இப்படியே. அந்த அம்மா குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். "முப்பது வருஷமா பாட்டுக்காரங்களுக்குப் பின்னாடியே போய்ப் பழகின மனுஷன். நின்ன இடத்துல நிக்கிற பந்துக்குக்கூட லேட்டா வர்றாரு பாரும்மா."

உளுந்தில் முளைத்த பந்து

இப்போது சுந்தரேசன் சார். பாசன வாய்க்கால் இன்ஜினியராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கினவர். ஆயுசு பூராவும் மட்டம் பார்த்து நேர்கோடு போட்ட ஆள். எங்கள் மைதானத்திலேயே நேராக அடிக்கத் தெரிந்த ஒரே ஆளும், ஆரம்பத்தில் சொன்ன உண்மைக்கு ஒரே விதிவிலக்கும் அவர்தான். தினமும் சாயங்காலம் வந்து, பத்தில் ஏழு பந்தை அந்தத் தகரத் தட்டில் போடுவார். 'டங்' என்று கேட்டால் சார் வந்துவிட்டார் என்று அர்த்தம். தை முடிந்து மாசி பிறந்ததும் அந்த டங் நின்றுபோனது. பந்து எல்லாம் வலது பக்கமாகப் போய், வேலி தாண்டி, தெற்கே இருக்கிற உளுந்து வயலில் விழ ஆரம்பித்தது. பத்துக்குப் பத்தும்.

அந்த வயல் ராஜாங்கம் மாமாவுடையது. சொந்த மாமா இல்லை, ஊர் வழக்கம். நாலாம் நாள் மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் கொட்டினார். முப்பத்தாறு பந்து. "நான் விதைச்சது உளுந்தும்மா. இது எந்த ரகம்?" என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. பங்குனியில் உளுந்து பிடுங்கப் பெண்கள் வயலில் இறங்குவார்கள், நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராத வேலை, அதில் ஒரு பந்து வந்து விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எங்கள் மைதானத்துக்கு ரோட்டிலிருந்து ஒரே வண்டிப்பாதைதான், அதுவும் அவர் நிலத்து வழியாக. போகும்போது திரும்பி நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆளு இறங்கறதுக்குள்ள அந்தாள சரி பண்ணிடு. அன்னைக்கு ஒரு பந்து வந்து விழுந்தாலும் பாதையில கருவ முள்ள வெட்டிப் போட்டுடுவேன். பாதை என் பட்டா."

ஆளுக்கொரு வைத்தியம்

கருவ முள் என்றால் நர்சிங் காலேஜ். அதனால் இந்தத் தடவை நான் உண்மையாகவே பாடுபட்டேன்.

என்னோடு சேர்ந்து எல்லோரும் பாடுபட்டார்கள், அதுதான் கஷ்டம். புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால்தான் பந்து அப்படிப் போகிறது என்று அண்ணன் மூன்று ஏக்கரையும் எதிர்த்திசையில் வெட்டினார். பறக்கிற பந்துக்குப் புல் என்ன செய்யும் என்று கேட்டேன், இன்னொரு தடவை வெட்டினார். அமெரிக்காவில் இருக்கும் சாரின் மகன் வீடியோ காலில் வந்து "அப்பா, இடுப்பு! இடுப்பு!" என்று கத்தினார். சார் மனைவி, நான் மாமி என்று கூப்பிடுவேன், மட்டையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார். முதல் அடியில் மிளகாய் அண்ணன் கண்ணில் தெறித்தது.

என் வைத்தியம், கக்கத்தில் எதையாவது இடுக்கிக்கொண்டு அது விழாமல் அடிப்பது. தோள் தனியாகப் பிரிந்து போகாது. அன்றைக்கு சார் கையில் ஒரு கட்டுப் பத்திரிகை இருந்தது. பங்குனிக் கடைசியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். "அதையே இடுக்குங்க சார்" என்றேன். இடுக்கினார். அடித்தார். பத்திரிகை அத்தனையும் புறாக் கூட்டம் மாதிரி கிளம்பியது. மாமி ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம் ஓடினேன். பந்து வழக்கம்போல உளுந்துக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ராஜாங்கம் மாமா. ஒரு கையில் பந்து, இன்னொரு கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. "பந்தோட பத்திரிகையும் வந்துச்சு. குடும்பத்தோட வரணுமா, நான் மட்டுமா?"

வலையில் விழுந்தது

தரங்கம்பாடிப் பக்கம் விசைப்படகு வைத்திருக்கிற வேலு அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை வருவார். வலை வீசுகிற மாதிரியே உடம்பை முறுக்கி அடிப்பார், பந்து எங்கே போனாலும் கவலைப்பட மாட்டார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கா கண்ணு மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? அவர சரி பண்ண முடியலைன்னா பந்தப் பிடிச்சிட வேண்டியதுதானே" என்றார். மறுநாள் ஒரு மினி லாரி நிறைய பழைய மீன்வலை வந்தது. கூடவே வாசனையும் வந்தது. தெற்கு எல்லை நெடுக மூங்கில் நட்டு வலையைக் கட்டினோம். சார் அடித்த பத்தும் வலையில். எல்லோரும் கை தட்டினார்கள். நான் டில்லரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன், யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வலைக்குள்ளிருந்து ஒரு அலறல். ராஜாங்கம் மாமாவின் கிடா. கொம்பு, கால், வால் எல்லாம் மாட்டி, நடுவில் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அரிவாளோடு வந்து கிடாவைச் சுற்றி வலையை அறுத்தார். அறுக்க அறுக்க அது உதறியதில் பாதி மூங்கில் சாய்ந்தது, மீதி வலையை அது இழுத்துக்கொண்டு ஓடியது. மாமா என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். நாளை மறுநாள் ஆள் இறங்குகிறது. வேலு அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "கடல்ல ஆமை மாட்டியிருக்கு, ஒரு தடவ இரும்புக் கட்டிலே மாட்டுச்சு. ஆடு மாட்டினது இதான் முதல் தடவ கண்ணு."

கோலமாவுக் கோடு

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து கோலமாவு கொண்டு போனேன். பாயில் பந்திலிருந்து தகரத் தட்டை நோக்கி ஒரு கோடு போட்டேன். அதற்கு இணையாக, சார் கால் விரல் வைக்க இன்னொரு கோடு. "இதுல நில்லுங்க சார்." நின்றார். சரியாக நின்றார். குனிந்து பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கால் கோட்டில் இல்லை. திரும்ப நிற்க வைத்தேன். திரும்பக் குனிந்தேன். திரும்ப நகர்ந்திருந்தது. நாலாவது தடவை நான் குனிகிற மாதிரி குனிந்து கண்ணை மட்டும் அவர் கால் மேல் வைத்திருந்தேன். திருட்டுத்தனமாக, ஒரு இன்ச், இன்னொரு இன்ச், மேற்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது அந்தக் கால்.

"சார்! கால நகத்துறீங்க! ஒரு மாசமா தோளப் பார்த்தேன், இடுப்பப் பார்த்தேன், மணிக்கட்டப் பார்த்தேன். நான் என்ன லூசா?" என்று கத்திவிட்டேன். சார் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்த சாஸ்திரிகள், அது முடிகிற வரைக்கும் தெற்கே பார்த்து எதையும் ஆரம்பிக்க வேண்டாம், அது எமன் திசை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வலது கைக்காரர்கள் அடிக்கிற பந்து கிழக்கே போக வேண்டுமென்றால், உடம்பு தெற்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும். நீங்களே எழுந்து நின்று பாருங்கள், புரியும். சார் தெற்கைத் தவிர்க்கக் கொஞ்சமாக மேற்கே திரும்பிக்கொள்வார். அவர் திரும்பிய அளவுக்கு பந்தும் திரும்பும், உளுந்துக்கு. அவர் ஸ்விங்கில் ஒரு குறையும் இல்லை.

"ஆரம்பிக்கத்தானே கூடாதுன்னாரு? நீங்க கோல்ஃப ஆரம்பிச்சு எத்தனை வருஷமாச்சு?" என்றேன். "ஒவ்வொரு பந்தும் ஒரு ஆரம்பம்தானேம்மா" என்றார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "இன்ஜினியர் சொல்ற விஷயமா இது?" என்றார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. "எமனையே காலால உதைச்ச சாமிகிட்டதானே சார் திருக்கடையூருக்குப் போறீங்க? அப்புறம் அந்த எமனுக்கு எதுக்கு இங்க பயப்படுறீங்க?" என்று கேட்டேன். சார் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அங்க சாமி இருக்காரு. இங்க நீயும் பாஸ்கரும்தானே இருக்கீங்க."

வடக்கே பார்த்து

சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு உறைத்தது. தெற்கே பார்க்க மாட்டார் என்றால் வடக்கே பார்க்க வைக்க வேண்டியதுதான். வடக்கே பார்த்து நின்றால் பந்து மேற்கே போகும். அப்படியானால் ஆள் கிழக்குக் கோடியில் நிற்க வேண்டும், கொட்டகையைப் பார்த்து அடிக்க வேண்டும். விடிகாலையில் பாயில் யாரும் இருக்க மாட்டார்கள், யார் மண்டையும் உடையாது. மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். "கொட்டகை?" என்றார். "நூத்தெழுபது கஜம்ணா. அறுபது வயசுல அவ்வளவு தூரம் எங்க போவப் போவுது" என்றேன். அதற்கடுத்த நாள் ஆறு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராஜாங்கம் மாமா ஏற்கெனவே வரப்பில் நின்றிருந்தார். பாதை ஓரத்தில் கருவ முள் வெட்டிக் குவித்திருந்தது. தூக்குவாளிகளோடு பதினைந்து பெண்கள் வரப்பில் உட்கார்ந்து, இந்தக் கூத்து முடிந்தால்தான் வயலில் இறங்குவது என்று காத்திருந்தார்கள்.

ஒரு பாயை இழுத்துக்கொண்டு கிழக்குக் கோடியில் போட்டேன். சார் வடக்கே பார்த்து நின்றார். "குபேரன் திசை" என்று மாமி தலையாட்டினார். நான் குனிந்து பந்தை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கால் நட்டு வைத்த மாதிரி இருந்தது. சார் மட்டையைத் தூக்கினார், இறக்கினார். பந்து எழும்பியது, வலது பக்கம் போகவில்லை, இடது பக்கம் போகவில்லை, மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்த வயசுக்கு நான் போட்ட தூரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. டங்! கொட்டகை நெற்றியில் இருந்த போர்டின் ஒரு ஆணி கழன்று, "இங்கு ஸ்விங் சரிசெய்து தரப்படும்" தலைகீழாகத் தொங்கியது. உள்ளேயிருந்து அண்ணன் டீ டம்ளரோடு வெளியே ஓடி வந்தார். அடுத்த பந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனது.

பத்துக்குப் பத்தும் கொட்டகையில். உளுந்தில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் பவர் டில்லருக்கு அடியில் படுத்திருந்தார். பெண்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். ராஜாங்கம் மாமா அரிவாள் முனையால் முள்ளைப் பாதையிலிருந்து இன்னும் தள்ளிப் போட்டுவிட்டு, மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். கொட்டகையைப் பார்த்தார், தொங்குகிற போர்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "இவ்வளவு நேரா அடிக்கிற மனுஷனையாம்மா நீங்க ஒரு மாசமா சரி பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

ஆக, பவர் டில்லர் இன்னும் என் கையில்தான் இருக்கிறது, போர்டையும் திரும்ப மாட்டிவிட்டோம், ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் இந்த மைதானத்தில் நான் சரிசெய்து கொடுத்த ஸ்விங் ஒன்றே ஒன்றுதான், அது அந்தம்மாவின் ஊஞ்சல்.